அகராதி பார்க்காத சொல்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அகராதி என்றுதான் சொல்வோம். அந்தப் பட்டத்தில் பாராட்டு பாதி, நக்கல் பாதி. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவார். அவர் எழுதியதில் யாராவது ஒரு எழுத்தைத் திருத்தினாலோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அகராதி பிடித்த மனுஷன் என்று முதலாளி முணுமுணுப்பார். அது அவர் காதிலும் விழும். அவருக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடியில், இரண்டு அறைகள் கொண்ட மொழிபெயர்ப்பு நிலையம் எங்களுடையது. வெளிநாடு போகிறவர்கள் பிளாஸ்டிக் உறையில் தங்கள் வாழ்க்கையைப் போட்டு எடுத்துக்கொண்டு படியேறி வருவார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், காவல் நிலையச் சான்று. அகராதி மொழிபெயர்ப்பார், நான் தட்டச்சு செய்வேன், முதலாளி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். அந்த வட்ட முத்திரை விழுந்துவிட்டால் தாளுக்கு உயிர் வந்த மாதிரி. அதன் பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஆங்கிலத்துக்கு மட்டும்தான் அவரிடம் சான்றிதழ் இருந்தது. ஜெர்மன் அவரே படித்துக்கொண்டது. படிவங்களில் வரும் ஜெர்மன் முந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு வருடமாக அதே முந்நூறைப் புரட்டிப் புரட்டி, அந்த மொழி தன் வீட்டுக் கொல்லைப்புறம் என்கிற அளவுக்கு அவருக்குத் தைரியம் வந்திருந்தது.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது பத்து வயது மூத்த அக்காதான். பள்ளிச் சீருடைகளும் மருத்துவமனை அங்கிகளும் தைத்துத் தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு வயர்களின் நிறம் தெரியும், தாள் என்றால் தள்ளி நிற்பார். அதனால் அந்த வீட்டுக்குள் வருகிற எந்தக் காகிதமும், மின்சார ரசீது முதல் மருந்துச் சீட்டு வரை, அகராதியின் கைக்கு வந்துதான் மேலே போகும். "தம்பி பார்த்துட்டானா?" என்பதுதான் அக்காவின் ஒரே கேள்வி.

அவர்களுக்கு ஒரே பெண். வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் சில்வண்டு என்று மாமன் வைத்த பட்டம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. பதினாறு வயதில் அவள் கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள். "கண்ணை எங்கடி வச்சிருக்க?" என்று அக்கா பல நாள் திட்டியிருக்கிறாள்.

கண் மருத்துவர் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கிடக்கிறது, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்றார். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஒரு அறுவை சிகிச்சை உண்டு. நூற்றில் எழுபது பேருக்குப் பலன் தருகிறது. நாலு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. இவ்வளவும் சொன்னவர், நேர்மையான பெண்மணி, இன்னொன்றையும் சொன்னார். ஜெர்மனியில் மருத்துவமனை ஒன்றில் புதுமுறை ஆராய்ச்சி நடக்கிறது, இதுவரை வந்த முடிவுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கத்தி படாத கண்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். "கேட்டுப் பாருங்க. ஆனா ரொம்ப நாள் இழுக்காதீங்க. ஆங்கிலத்துல எழுதினாலே பதில் போடுவாங்க."

அகராதி ஜெர்மனில் எழுதினார்.

"ஆங்கிலத்துல ஆயிரம் பேர் எழுதுவான். அவன் மொழியிலயே எழுதினா மரியாதையே வேற" என்றார் என்னிடம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை நான்தான் தட்டச்சு செய்தேன். எழுத்துக்கு மேல் வரும் இரட்டைப் புள்ளிகள் எனக்குக் கணினியில் வரவில்லை. அச்சிட்ட தாளை வாங்கி, அவரே மெல்லிய பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிற மாதிரி.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இவர் அவர்கள் மொழியில் எழுதியிருந்ததால் அவர்களும் தங்கள் மொழியிலேயே எழுதியிருந்தார்கள். நாலே வரி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்தப் பதிலும் ஆங்கிலத்தில் வந்திருக்கும். அதை நான் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அவர் எத்தனை முறை நினைத்தாரோ.

அந்த நாலு வரிக்கு அவர் பதினொரு முறை அகராதி பார்த்தார். ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். மூன்றாவது வரியில் 'எவென்டுவெல்' என்றொரு சொல் இருந்தது. அதற்கு மட்டும் கோடு இல்லை. ஆங்கிலத்தில் தினமும் பார்க்கிற 'இவென்ச்சுவலி'தானே, உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது, இதற்கு எதற்கு அகராதி என்று தாண்டிவிட்டார். ஆங்கிலத்தில் அதற்குக் 'கடைசியில், முடிவாக' என்று பொருள். கொஞ்சம் தாமதமானாலும் நடந்தே தீரும் என்கிற உறுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

'முடிவாக, அடுத்த ஆண்டு நோயாளியைச் சேர்த்துக்கொள்ள எங்களால் இயலும்.'

நான் தட்டச்சு செய்தேன். முதலாளி முத்திரை குத்தினார். அன்றைக்கு அகராதி எங்கள் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அது முதல் தடவை என்று முதலாளி கேலி செய்தார்.

அன்று மாலை அக்கா வீட்டில் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்துக் காட்டியிருக்கிறார். அக்காவின் கணவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம்.

"உறுதியாப் போட்டிருக்கானா, மாப்ள?"

"எழுத்துல குடுத்திருக்கான் மச்சான். இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?"

கண் மருத்துவரும் முத்திரை போட்ட மொழிபெயர்ப்பைத்தான் படித்தார். இடம் உறுதி என்றால் நான் கத்தி வைப்பது நியாயமில்லை, ஆனால் சீக்கிரம் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொட்டு மருந்தை மட்டும் கூட்டிக் கொடுத்தார். அகராதி நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை. நன்றிக்கு யார் பதில் போடுவார்கள் என்று இருந்துவிட்டோம்.

நாலு மாதம் போயிற்று. ஐந்தாவது மாதம் சில்வண்டு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றாள். அக்கா பயந்துபோய், வேலை நேரத்தில் எங்கள் அலுவலகப் படியேறி வந்தாள். அவளை நான் பார்த்தது அன்றுதான். புடவைத் தலைப்பில் நூல்பிசிறுகள் ஒட்டியிருந்தன.

"இங்கயே பண்ணிடலாமாடா? எனக்கு என்னமோ பண்ணுது."

"இப்ப இங்க கை வச்சா அங்க கதவைச் சாத்திடுவாங்க அக்கா. இன்னும் ஏழு மாசம்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நீ சொன்னா சரிடா."

உட்காரச் சொல்லி நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேலை கிடக்கிறது என்று போய்விட்டாள்.

புது வருடம் பிறந்தது. ஜனவரி போனது, பிப்ரவரி போனது. அகராதி இரண்டு கடிதம் போட்டார். மார்ச்சில் பதில் வந்தது. அவர் அதை வாசிக்கும்போது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். ஆராய்ச்சிக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, வருந்துகிறோம் என்பது அவருக்கு உடனே புரிந்தது. புரியாதது அடுத்த வரிதான். 'ஏற்கெனவே தெரிவித்தபடி, நோயாளியைச் சேர்ப்பது எவென்டுவெல் மட்டுமே.'

"முடிவாக மட்டுமே? என்னங்க இது, வாக்கியம் உட்கார மாட்டேங்குதே?" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு என்ன தெரியும்? அவர் பெரிய அகராதியை இழுத்தார். விரல் பக்கத்தில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. நின்ற விரல் நகரவே இல்லை. பிறகு அதை மூடிவிட்டுச் சின்ன அகராதியை எடுத்தார். அதையும் மூடினார்.

"கூட வர்றீங்களா?" என்றார். எங்கே என்று கேட்காமல் எழுந்தேன்.

பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு மொழிப் பயிற்சி மையம் உண்டு. வகுப்பு இடைவேளையில் ஜெர்மன் ஆசிரியை பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், விரலெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். இவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ, அதுவா! எங்க கிளாஸ்ல முதல் மாசமே வர்ற வார்த்தை சார். விழாத ஆளே கிடையாது. 'ஒருவேளை'ன்னு அர்த்தம். நடக்கலாம், நடக்காமலும் போகலாம்."

"முடிவா, கட்டாயமான்னு ஒரு அர்த்தம் எங்கயாவது, பழைய வழக்கில..."

"ஜெர்மன்ல கிடையாது சார். பிரெஞ்சுக்காரன் 'எவான்துவெல்மான்'பான், அதுவும் ஒருவேளை, தேவைப்பட்டாங்கிற மாதிரி. இத்தாலி, டச்சு, ஸ்வீடன், போலந்து, எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்பெயின்ல இன்னும் வேடிக்கை. அங்க 'எவென்துவால்'னா தற்காலிகம். நிரந்தரமில்லாத வேலையாளைக்கூட அப்படித்தான் சொல்வாங்க. இங்கிலீஷ் ஒண்ணுதான் தனி வழியில போயிடுச்சு."

"எல்லாம் ஒரே வேர்தானே?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"லத்தீன் சார். 'வெளியே வா'ங்கிறதுதான் வேர். வெளியே வர்றது, அதாவது நிகழ்றது. நிகழ்ந்தா நிகழட்டும்னு மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. கடைசியில என்ன வெளிய வந்துச்சோ அதுன்னு இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான். ஒரே வயித்துல பிறந்த பொண்ணுங்க வேற வேற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டா பேச்சு மாறிடுதுல்ல, அப்படி." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் சார், ஏதாவது பரீட்சையா?"

"ஆமாம்மா" என்றார்.

வெளியே வந்து தெருவோரத்தில் நின்றோம். ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. நான்தான் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "மத்த பதினொண்ணுக்கும் பார்த்தேன்" என்றார். "தெரியாத வார்த்தைக்கெல்லாம் பார்த்தேன்."

அக்கா வீட்டில் இந்தத் தப்பைச் சொல்ல வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அங்கே இடம் இல்லையாம் என்று மட்டும் சொன்னால் போதும், அந்த மருத்துவமனை மேல் பழி போகட்டும். அதை வாய்விட்டே சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே நடந்ததை ஒரு வாரம் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னார். அக்கா தையல் எந்திரத்தில் இருந்தாள். இவர் தரையில் உட்கார்ந்து சொன்னார். அவள் பெடலை நிறுத்தினாள், ஆனால் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப, அன்னிக்கு வந்த லெட்டர்ல என்னதான் போட்டிருந்துச்சு?"

"ஒருவேளை அடுத்த வருஷம் சேர்த்துக்குவோம்னு."

"ஒருவேளை."

"ஆமா அக்கா."

"ஒருவேளைன்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே இங்க படுக்க வச்சிருப்பேனேடா." சொல்லிவிட்டுப் பெடலை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அழவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் அகராதி.

அக்காவின் கணவர் வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாராம். குரலை உயர்த்தாமல், "இனிமே இந்த வீட்டுல ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நீ தொடக்கூடாது" என்றாராம். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக் காகிதங்களை வைத்திருந்த தகரப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாராம்.

பத்து நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார், காப்பாற்ற இனிமேல் அதிகம் மிச்சமில்லை என்று. வலது கண் அப்போதே போயிருந்தது. இடது கண்ணில் ஒரு காசளவு வெளிச்சம் கோடைவரை நின்றது. அப்புறம் அதுவும் பகலா இரவா என்று சொல்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மருத்துவர் எங்கள் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எங்கள் முதலாளிதான் பயந்தார். கோப்பிலிருந்த நகலைக் கிழித்துப் போடச் சொன்னார். நான் கிழித்தேன். என் விரல் தட்டிய எழுத்துகள் அவை. அகராதியின் கதையைச் சொல்கிறவள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு பகலில் அவர் சில்வண்டைப் பார்க்கப் போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாளாம். பழைய வாயில் பாதிகூட இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். சரியா வாசிச்சிருந்தா எனக்கு இப்ப கண்ணு தெரியுமா?"

அவர் நூற்றில் எழுபது என்று மருத்துவர் சொன்னதை நினைத்துப் பார்த்திருக்கிறார். மீதி முப்பதையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"ஒருவேளை தெரிஞ்சிருக்கும்மா."

"அதையாவது உறுதியாச் சொல்லுங்களேன்" என்றாளாம். தெரிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பாள். தெரிந்திருக்காது என்றால் மன்னித்திருப்பாள். அவரால் இரண்டும் முடியவில்லை. மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க வந்துபோன அன்னிக்கெல்லாம் அம்மா தச்சதையே பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறாங்க மாமா. தையல் கோணுது. வராம இருங்க" என்றாள். அவர் எழுந்து வந்துவிட்டார்.

அலுவலகத்தில் அவர் முதலில் ஜெர்மனை விட்டார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்புறம் ஆங்கிலமும் அவர் கையை விட்டுப் போக ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் முடிக்கிற பிறப்புச் சான்றிதழுக்கு இரண்டு நாள் எடுத்தார். 'தேதி' என்ற சொல்லுக்கு அகராதி பார்த்தார். 'ஊர்' என்ற சொல்லுக்குப் பார்த்தார். ஒரு நாள் முதலாளி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டார்.

"என்ன சார், 'தாய்'க்கெல்லாமா அர்த்தம் தேடறீங்க?"

"தெரியும்னு தோணுது. அதான் பயமா இருக்கு" என்றார்.

வாடிக்கையாளர்கள் படியில் காத்திருந்து சலித்து, எதிர்த் தெருவில் புதிதாக வந்த நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். முதலாளி ஒரு வருடம் பொறுத்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கீழே நகல் கடையில் சொல்லி ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடி, பொத்தானை அழுத்துகிற வேலை. உள்ளே போனது அப்படியே வெளியே வரும், தப்பு நடக்க வழியில்லை என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவருடைய அகராதிகள் மேலே என் மேசைக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சாயங்காலம் அவரும் நானும் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். கூட்டத்தில் வெள்ளைக் கைத்தடியோடு ஒரு பெண். அவர் சட்டென்று பேச்சை நிறுத்தியதில்தான் யாரென்று எனக்குப் புரிந்தது. தொலைபேசியில் பதில் சொல்லும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல உயரம், அம்மாவின் அதே நெற்றி. முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பேருந்து வந்து நின்றது.

"இது எத்தனாம் நம்பர்ங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் ஏறுகிற அவசரத்தில் இருந்தார்கள். அகராதி பேருந்தின் நெற்றியில் இருந்த எண்ணை ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார்.

"பதினேழு" என்றார்.

அவள் முகம் அந்தக் குரலின் பக்கம் திரும்பியது. அடையாளம் தெரிந்துவிட்டது. கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதை நான் பார்த்தேன்.

"தேங்க்ஸ்" என்றாள் மெதுவாக.

பிறகு அடுத்த பக்கம் திரும்பி, ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முழங்கையைத் தொட்டு, "அக்கா, இது பதினேழுதானா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஆமாம் என்ற பிறகுதான் படியில் கால் வைத்தாள்.

பேருந்து போனது. அது எங்களுடைய பேருந்தும்தான். நாங்கள் ஏறவில்லை. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து வந்தது.